தாத்தாவின் கடிகாரத்தை எடைக்குப் போடாதீர்கள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அருகில் வசிக்கும் நண்பர் ஒருவர், கைக்குட்டையில் சுற்றி ஒரு பாக்கெட் வாட்சைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா ரயில்வே கார்டாக இருந்தவர். "வெள்ளிதான் சார், எடைக்குப் போட்டா ஏதோ கிடைக்கும்ங்கிறாங்க. போட்டுடலாமா?" என்றார். முதலில் திறந்து பார்ப்போம் என்றேன்.

டயலில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி' என்றிருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்து, சுவிட்சர்லாந்தில் செய்த கடிகாரங்களை இந்தியாவெங்கும் விற்ற நிறுவனம் அது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் விற்ற கடிகாரங்களிலும் இப்படிக் கடையின் பெயரே டயலில் இருக்கும். செய்தவர் யாரென்று அறிய மூடியைத் திறந்தாக வேண்டும்.

பின்மூடியின் விளிம்பில் ஒரு சின்னப் பிளவு. அதில் நகத்தை நுழைத்து நெம்பியதும் 'டக்'கென்று திறந்தது. உள்பக்கம் முத்திரை ஏதும் இல்லை. இங்கிலாந்து வெள்ளியானால் நடக்கும் சிங்கம் பொறித்திருக்கும். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பக்கத்திலுள்ள ஓர் எழுத்து, முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். சுவிஸ் வெள்ளியில் கரடியோ பறவையோ இருக்கும். தங்க நிறக் கேஸில் '20 ஆண்டு உத்தரவாதம்' என்று கண்டால், அது மேலே தங்கத் தகடு போர்த்தியது. அந்த ஆண்டுக் கணக்கு தகடு தேயாமல் இருப்பதற்கானது.

நண்பரின் கடிகாரம் வெறும் நிக்கல். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் பின்மூடியின் வெளிப்பக்கம் தேய்ந்த மூன்று எழுத்துகள் இருந்தன: எஸ்.ஐ.ஆர். அதாவது, சவுத் இந்தியன் ரயில்வே. அந்த நிறுவனம் 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டது. ஆக, கடிகாரம் அதற்கு முந்தையது. எவ்வளவு முந்தையது?

அதை உள்ளே இருக்கும் மிஷின் சொல்லும். சாவித் துவாரம் இருந்தால் மிகப் பழையது. இதில் இல்லை, தலையிலுள்ள திருகைச் சுற்றித்தான் சாவி கொடுக்க வேண்டும். பாலன்ஸ் சக்கரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெளியே பித்தளை, உள்ளே எஃகு, வளையத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டு. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய எஃகுச் சுருளான ஹேர்ஸ்பிரிங் வெப்பத்தில் தளரும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். பத்து டிகிரி கூடினால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். கடலூரின் கத்திரி வெயிலில் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆபத்து. அதற்கான மருந்துதான் இந்த வெட்டு வளையம். பித்தளை எஃகைவிட அதிகம் விரிவதால், சூட்டில் வளையத்தின் நுனிகள் உள்நோக்கி வளையும். கைகளை விரித்துச் சுழலும் பிள்ளை, கைகளை மடக்கினால் வேகமெடுப்பதுபோல் சக்கரம் விரைந்து, ஸ்பிரிங்கின் தளர்வை ஈடுகட்டும். பின்னாளில் நிக்கல் எஃகுக் கலவைகள் இந்தச் சிக்கலைத் தீர்த்ததும் வெட்டு வளையம் தேவையற்றுப்போனது. அவற்றை ஆராய்ந்த சார்ல்ஸ் எடுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வெட்டு வளையம் வயதுக்கு ஒரு நல்ல தடயம்.

மிஷினில் வரிசை எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்கக் கடிகாரங்களுக்கு அந்த எண்ணை வைத்தே ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

விலைக்கு வருவோம். உலோகத்தைவிட, எல்லாப் பாகமும் பிறந்தபோது இருந்தவையா என்பதே பெரிது. டயலைப் புதிதாக வண்ணமடித்து, பெரிய பெயரை எழுதி விற்பது நம் நாட்டுப் பழம்பொருள் சந்தையில் சகஜம். பூதக்கண்ணாடியில் எழுத்து விளிம்பு பிசிறடித்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது, யாருடையது என்ற சான்று. காந்தியின் ஜெனித் பாக்கெட் வாட்ச் 2009-இல் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு சேர்ந்து 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அத்தனையும் அவர் தொட்டதற்கான விலை. நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பளபளப்பாக்குகிறேன் என்று கேஸைத் தேய்க்காதீர்கள். எழுத்தும் முத்திரையும் அழிந்துவிடும். உப்புக்காற்று ஊரில் நெடுநாள் கிடந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்ப்பதும் தவறு. துருப்பிடித்த ஸ்பிரிங் அறுந்துவிடலாம். முள்ளிலோ எண்ணிலோ மஞ்சள் பழுத்த பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. அது கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு.

நண்பர் கடிகாரத்தை விற்கவில்லை. தாத்தா எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், எந்தத் தடத்தில் போனார் என்று அவருடைய அத்தையிடம் கேட்டெழுதி, தாளைக் கடிகாரத்தோடு வைத்திருக்கிறார். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படியொன்று கிடந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.