மாணவர் கணக்கும் ஆசிரியர் பணியிடமும்

இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. அவ்வெண்ணிக்கை பதிவேட்டிலுள்ள பெயர்களைக் குறிப்பதா, வகுப்பிற்கு வரும் குழந்தைகளைக் குறிப்பதா என்பது ஆராயத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை 'சேர்க்கப்பட்ட குழந்தைகள்' என்றே கூறுகிறது. அதன்படி முதல் ஐந்து வகுப்புகளுக்கு 60 குழந்தைகள் வரை ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். அறுபத்தோராவது குழந்தை விலகுமாயின் ஐந்து வகுப்புகளும் இருவர் பொறுப்பிலேயே நிற்கும். இத்தகைய பள்ளிகளில் வாராத குழந்தையின் பெயர் பதிவேட்டில் நீடிப்பதில் வியப்பில்லை.

கேரளத்தில் கல்வியாண்டின் ஆறாம் வேலைநாளன்று எடுக்கப்படும் கணக்கே பணியிட நிர்ணயத்திற்கு அடிப்படையாகும். பதிவேட்டை ஒரு நாளில் சரிபார்க்க இது எளிய வழிதான். எனினும், பருவந்தோறும் இடம்பெயரும் தொழிலாளரின் குழந்தைகள் இதில் விடுபடக்கூடும்.

மொழிச் சிறுபான்மையோர்க்கு இச்சிக்கல் மேலும் கடுமையானது. ஒரு வகுப்பில் 10 பேரோ, பள்ளி முழுவதிலும் 40 பேரோ இருப்பின் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் வேண்டும் என 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்போ எண்ணிக்கை எதனையும் விதிக்கவில்லை. நடைமுறையில் எண்ணிக்கையே மேலோங்குகிறது. பள்ளியில் நாற்பதின்மரும் வகுப்பில் பதின்மரும் இல்லாதவிடத்து, குழந்தைகள் வேற்றுமொழி வகுப்பில் அமர்கின்றனர். ஆசிரியரில்லாத அப்பள்ளியில் மறு ஆண்டு பத்தாமவர் வந்து சேர்வதும் அரிதாகிறது.