அரசியல் நாவலும் அதற்கு இடப்படும் பெயரும்

ஒரு படைப்பை ‘அரசியல் நாவல்’ எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது நமது இலக்கியச் சூழலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். தேர்தல் மேடையும் கட்சித் தலைவர்களும் இடம்பெறும் கதைகளே அரசியல் சார்ந்தவை, ஏனையவை குடும்பக் கதைகள் என்று கருதுவோர் பலர். ஆயின், ஈழத்துத் தமிழ்ப் புனைகதைகளில் அரசியல் பெரும்பாலும் மேடையில் நிகழ்வதில்லை. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் ஆலய வாசலிலும் தோட்டத்து லயத்திலுமே அது நிகழ்கின்றது.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்த போதிலும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் தீண்டாமை ஒழியவில்லை. 1966ஆம் ஆண்டு முதல் அதற்கெதிராக வெடித்த போராட்டங்களில் டானியலும் முன்நின்றார். அந்த அனுபவமே அவரது எழுத்தின் அடித்தளமாயிற்று. எனினும், மரபுவாதிகள் அதனைக் கலையல்ல, பிரசாரம் என்றனர். மார்க்சியர்கள் முற்போக்கு இலக்கியம் என்றனர். டானியல் 1986இல் காலமானார். தொண்ணூறுகளில் தமிழகத்தில் தலித் இலக்கியம் பற்றிய விவாதம் எழுந்தபோது, அதன் முன்னோடி என அவர் கொண்டாடப்பட்டார். நாவலின் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது வைக்கப்பட்ட இறாக்கைதான் மாறிற்று. தம்மை வர்க்கப் போராளியாகவே கண்ட டானியல் இப்புதிய பெயரை ஏற்றிருப்பாரா என்பது வேறு விடயம்.

இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’, க. கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த காலத்தில் தொடராக வெளிவந்து, 1962இல் நூலுருப் பெற்றது. இளங்கீரனின் இயற்பெயர் சுபைர். ஆயினும் அதனை எவரும் ‘முஸ்லிம் நாவல்’ என வகைப்படுத்தவில்லை. வர்க்கமே அன்றைய அளவுகோலாக இருந்தமையால் அது முற்போக்கு நாவல் எனப்பட்டது. பின்வந்த தசாப்தங்களில் எழுத்தாளரின் இனமும் மதமும் பிரதேசமுமே முதலில் கேட்கப்படலாயின. நாட்டு அரசியலில் நேர்ந்த அதே பிளவு இலக்கிய வகைப்பாட்டிலும் நேர்ந்தது எனலாம்.

இவற்றினும் சிக்கலானது 1985இல் வெளிவந்த ‘புதியதோர் உலகம்’. விடுதலை இயக்கமொன்றின் உள்ளே நிகழ்ந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் சொல்லும் இந்நூலை, அவ்வியக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர் கோவிந்தன் என்னும் புனைபெயரில் எழுதினார். இதைச் சாட்சியம் என்பதா, நாவல் என்பதா? நாவல் என்றால், கற்பனைதானே எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் தப்பிக்கொள்ளலாம். சாட்சியம் என்றால், திகதியும் பெயரும் எங்கே என அவர்களே கேட்கலாம். அந்நாளில் பெயர்களை வெளிப்படையாக எழுதக்கூடிய நிலை இருக்கவில்லை. ஆகவே புனைகதை என்ற வடிவம் இங்கு அழகியல் தெரிவு மட்டுமன்று. உண்மையைச் சொல்வதற்கு எஞ்சியிருந்த ஒரே வழியும் அதுவாகவே இருந்தது.