டார்ச் லைட் வாங்கும்போது பட்டனையும் பாருங்கள்

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் வயலுக்குப் போகும் விவசாயிகள் விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஏராளம். கடையில் டார்ச் லைட் வாங்கும்போது, 'எவ்வளவு தூரம் அடிக்கும்?' என்றுதான் கேட்கிறோம். இப்போது வரும் எல்இடி டார்ச்சுகளில் ஒரே பட்டனில் நான்கைந்து வகை வெளிச்சம் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் முதலில் எது எரியும் என்பதே வரப்பில் நடப்பவருக்கு முக்கியம்.

காலடி வெளிச்சம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். பெரும்பாலோர் கிராமத்தினர். கண்ணாடி விரியன் வரப்புப் புல்லோடு நிறம் ஒத்துக் கிடக்கும். அதைப் பார்க்க, இரண்டு மூன்று அடி முன்னால் பரவலாக விழும் மிதமான வெளிச்சமே தேவை. 50 முதல் 100 லூமென் போதும். தூரத்துக்கு அடிக்கும் குறுகிய ஒளிக்கற்றை காலடியைக் காட்டாது.

பெட்டியில் உள்ள எண்

எஃப்எல்-1 என்ற டார்ச் தரநிர்ணயப்படி, '500 மீட்டர்' என்றால் அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலவு அளவு வெளிச்சம்தான் விழும். ஆளை அடையாளம் காண அது போதாது. எரியும் நேரமும் அப்படியே. வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தையே குறிப்பிடுகிறார்கள்.

சார்ஜ் கணக்கு

2600 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று, 100 லூமெனில் ஏறக்குறைய 9 மணி நேரம் வரும். 1000 லூமெனில் ஒரு மணி நேரம்கூட வராது. அதற்குள் டார்ச் சூடாகி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்தாலும் கண்ணுக்குப் பாதியாகக் குறைந்தது போலத்தான் தெரியும். எனவே நடக்கும்போது குறைந்த வெளிச்சமே லாபம்.

பட்டன் வகைகள்

மலிவான டார்ச்சுகளில் அழுத்த அழுத்த அதிகம், குறைவு, மினுக்கல் என்று வரிசையாக மாறும். அணைக்க வேண்டுமானால் மினுக்கலைக் கடந்தே போக வேண்டும். பாம்பைக் கண்ட பதற்றத்தில் இது ஆபத்து. கடைசியாக வைத்த வெளிச்சத்தை நினைவில் வைத்து அதிலேயே எரியும் டார்ச் இதைவிட நல்லது.

இன்னும் சிலவற்றில் நமக்கு வேண்டிய வெளிச்சத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம். 'ஆண்டுரில்' என்ற மென்பொருள் உள்ள டார்ச்சுகள் இதற்கு உதாரணம். அணைந்திருக்கும்போது ஒருமுறை அழுத்தினால் நினைவில் உள்ள வெளிச்சம். அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சம். இருமுறை அழுத்தினால் அதிக வெளிச்சம். நான்கு முறை அழுத்தினால் பூட்டு. இந்தப் பூட்டு இல்லாவிட்டால் சட்டைப் பையில் தானாக எரிந்து துணியைச் சுட்டுவிடும்.

எதற்கு எது?

* வரப்பில் நடக்க, மடை மாற்ற: குறைந்த வெளிச்சம்.
* மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பார்க்க: மிகக் குறைந்த வெளிச்சம். அதிக வெளிச்சத்தில் கண் கூசினால், இருட்டுக்கு மறுபடி முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.
* மணிலா கொல்லையில் காட்டுப்பன்றி வந்திருக்கிறதா என்று பார்க்க: அதிக வெளிச்சம், சில நொடிகள் மட்டும்.
* நெடுஞ்சாலையோரம் கரும்பு டிராக்டர் பழுதாகி நின்றால்: மினுக்கல். எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்த்து வையுங்கள்.

கடையிலேயே சோதியுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால், ஒரே கையில் பட்டனை இயக்கிப் பாருங்கள். குறைந்த வெளிச்சம் முதல் அழுத்தலிலேயே வந்தால் வாங்கலாம். மண்வெட்டி பிடித்து இரு கையாலும் வேலை செய்பவருக்குத் தலையில் மாட்டும் விளக்கு வசதி. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். மடை மாற்றப் போகும் வீட்டினர் அனைவருக்கும் பட்டனைப் பழக்கி வையுங்கள்.

டார்ச் எவ்வளவு நல்லதானாலும் பூட்ஸும் கையில் ஒரு தடியும் அவசியம். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள்.