ஓடாமல் ஓடும் எழுத்துகள்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து மங்கலம்பேட்டை வழியாக விருத்தாசலம் போகும் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? வழியில் ஏதேனும் ஒரு கடை வாசலில் சிவப்பு எழுத்துகள் ஓடும் மின்பலகையைக் கண்டிருப்பீர்கள். உண்மையில் அங்கே எதுவும் ஓடுவதில்லை! ஒளி உமிழும் டயோடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்று அணைய, பக்கத்தில் உள்ளது எரிகிறது. இரண்டையும் நம் மூளை இணைத்துக்கொள்வதால் எழுத்து நகர்வதாகத் தோன்றுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றுக்கு 35 புள்ளிகள் போதும். நம் ‘ணை’க்குப் போதுமா? கட்டம் போட்டு வரைந்து பாருங்கள்.

இந்த நகர்வுதான் சாலையில் தொல்லை. கண்ணின் ஓரப் பார்வைக்கு எழுத்து தெளிவாகத் தெரியாது. ஆனால் அசைவும் மினுக்கலும் சட்டெனப் புலப்படும். ஓட்டுநரின் பார்வை தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 2 விநாடியில் சுமார் 33 மீட்டர் போய்விடுகிறது. அதற்குள் ஒரு சிறுவன் குறுக்கே வந்தால்?

ஆகவேதான் ‘இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்’ என்ற அமைப்பு 1972-இல் வகுத்த சாலையோர விளம்பர நெறிகளில், மினுக்கும் விளக்கும் நகரும் விளக்கும் கூடாது என்றது. கண் கூசும் வெளிச்சமும் கூடாது. நேரம், தேதி, வெப்பநிலை, வானிலை ஆகியவற்றைக் காட்டும் பலகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டின் தனி விதி; அது கண்ணைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது.