எரித்துப் பார்க்கும் கூடம்

மின்வாகன பேட்டரிச் சோதனைக்கூடத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. பேட்டரி எத்தனை காலம் உழைக்கும் என்று அளப்பது ஒன்று. எந்த நிலையில் அது தீப்பற்றும் என்று வதைத்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டுக்குமான தேவை பெங்களூரின் தென்கோடியான ஆனேக்கல் தாலுகாவில் கண்கூடு. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள் தமிழக எல்லைவரை நீள்கின்றன. எல்லை தாண்டினால் ஓசூரில் மின் ஸ்கூட்டர் செய்யும் டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள். அதற்கும் தெற்கே போச்சம்பள்ளி அருகே ஓலா.

இந்தத் தேவையை அவசரமாக்கியது 2022. அந்த மார்ச் மாதம் வேலூரில் இரவில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கான ஏஐஎஸ்-156, கார், பேருந்துகளுக்கான ஏஐஎஸ்-038 ஆகிய தரவிதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பேட்டரிக்குள் அடுக்கப்பட்ட செல்களில் ஒன்று கட்டுமீறிச் சூடானால் அந்த வெப்பம் பக்கத்துச் செல்களுக்குப் பரவி பேட்டரி முழுவதையும் விழுங்குகிறதா என்ற சோதனை இவற்றில் முக்கியமானது. அதைச் செய்ய, ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்தாக வேண்டும்.

இந்தத் தேவைக்கேற்பக் கூடத்தை விரிவாக்குவது கருவிகள் வாங்குவதோடு முடிவதில்லை. ஆயுள் சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி, நடுவே ஓய்வு என ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் வைத்தாலும் ஆயிரம் சுற்றுக்கு 2,500 மணி நேரம், அதாவது நூறு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை அந்த பேட்டரியை இணைத்திருக்கும் சோதனைத்தடம், அதாவது சேனல், வேறு எதற்கும் கிடைக்காது. எனவே வரிசையில் நிற்கும் பேட்டரிகள் கூடக்கூட, சேனல்களும் கூடியாக வேண்டும். அதற்கேற்ப உயரழுத்த மின் இணைப்பும் வேண்டும். பேட்டரியிலிருந்து இறக்கும் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் பக்கத்துச் சேனலுக்கே திருப்பிவிடும் கருவிகள் இந்தச் சுமையைப் பெரிதும் குறைக்கின்றன.

ஆயுள் சோதனை போக மற்றவையும் உண்டு. வெப்ப அதிர்ச்சிச் சோதனையில் பேட்டரி 60 டிகிரியில் ஆறு மணி நேரம், மைனஸ் 40 டிகிரியில் ஆறு மணி நேரம் என ஐந்து முறையாவது மாறிமாறி வைக்கப்படுகிறது. அதிர்வு மேசை, உப்புநீர்த் தூவல், நீரில் அமிழ்த்தல் ஆகியவை தனி.

மிகக் கடினமானது வதைச் சோதனைக்கான அறை. தடித்த கான்கிரீட் சுவர், வெடிப்பழுத்தம் வெளியேற வழி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு கலந்த புகையைக் கழுவிச் சுத்திகரிக்கும் கருவி, ஏராளமான தண்ணீர், அந்த நச்சுநீரைத் தனியே தேக்கும் தொட்டி என எல்லாம் வேண்டும். அணைந்ததுபோல் தெரியும் பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பதால், அதை ஒதுக்கிவைக்கத் திறந்தவெளியும் தேவை. அத்திப்பள்ளியிலேயே 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கிடங்கு எரிந்து பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள். எரியும் பொருளைக் கையாளும் கட்டடத்துக்கு இடைவெளியும் தப்பும் வழியும் உயிர்ப்பிரச்சினை என்பதற்கு இந்த வட்டாரம் வேறு சான்று தேடவேண்டியதில்லை. நெருக்கடியான பேட்டையில், இருக்கும் ஷெட்டோடு இன்னொரு ஷெட்டை ஒட்டிக்கட்டி இந்த அறையை அமைக்கக் கூடாது.

இத்தனை செய்தாலும் தனியார் கூடத்தின் அறிக்கை, அக்கூடம் ஆய்வகங்களுக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதே ஆனாலும், வாகன ஒப்புதல் சான்றிதழ் ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-இல் குறிப்பிட்ட அமைப்புகளே அதைத் தர முடியும்: புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்றவை. ஆனேக்கலிலிருந்து ஒரகடம் சுமார் 300 கிலோமீட்டர். லித்தியம் பேட்டரி அபாயச் சரக்கு என்பதால் அனுப்புவதற்கும் தனி விதிகள் உண்டு. அங்கே போய்த் தோற்றால் வடிவமைப்பைத் திருத்தி, புது பேட்டரி கட்டி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். உள்ளூர்க் கூடம் அந்தத் தோல்வியை ஆலைக்குப் பக்கத்திலேயே, வடிவமைப்பு மேசையில் இருக்கும்போதே காட்டிவிடுகிறது.