பழைய வீட்டுக் கணினியும் அதன் ஒலிநாடாவும்

பழம்பொருள் பேணுவோர் இருதிறத்தினர். பொருளின் உடலை மட்டுங் காப்போர் ஒரு சாரார்; அதன் தொழிலையுங் காப்போர் மற்றொரு சாரார். வீட்டுக் கணினிகளைச் சேகரிப்போர்க்கு இவற்றுள் எந்நெறி ஏற்றது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வாம்.

1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சின்கிளேயர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்னுங் கணினியை வெளியிட்டது. இறப்பர் விசைகளையுடைய இச்சிறு பொறிக்கு வீட்டுத் தொலைக்காட்சியே திரை. ஒலிப்பதிவு நாடாவே நிரற்களஞ்சியம். நாடாவிற் பதிந்த துடிப்புகளுட் குறியது 0 எனவும், அதனினும் இருமடங்கு நீண்டது 1 எனவும் பொறியாற் கொள்ளப்படும். 48 கிலோபைற்று நினைவகத்தை நிரப்பும் நிரலொன்று ஏறுதற்கு ஏறத்தாழ 5 நிமிடஞ் செல்லும்.

பொறியின் கேடு பெரும்பாலும் திருத்தத்தக்கது. உலர்ந்த மின்பகு கொள்ளளவிகளையும் வெடித்த விசைப்படலத்தையும் புதியனவாக மாற்றலாம். நாடாவின் கேடோ அத்தகையதன்று. காந்தப் பூச்சு உதிர்ந்து ஒரு துடிப்பு வழுவினும், ஈற்றிலுள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாமையாற் பொறி அந்நிரலை ஏலாது.

ஆகவே, நாடா நலிவதற்கு முன்னரே இன்றைய கணினியில் அதனைப் படியெடுத்தல் சேகரிப்போரின் முதற்கடன். எடுத்த படி செம்மையானதோ எனத் தெளிதற்கு இயங்கும் பழம்பொறியே தக்க உரைகல். எனவே, உடலையுந் தொழிலையும் ஒருங்கே பேணுதல் வேண்டும். சுவடி செல்லரித்தபின் பேழையைப் போற்றுவதனால் யாது பயன்?