பையில் எழுதிய பெயர்

மும்பையில் ஹார்பர் ரயிலில் போயிருக்கிறீர்களா? குர்லாவுக்கு அடுத்த நிலையம் சுனாபட்டி. இது நம் ஊர்ப் பக்கத்துப் 'பட்டி' அல்ல. 'சுனா' என்றால் சுண்ணாம்பு. 'பட்டி' என்றால் சூளை. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்பு சுட்டார்கள். அந்தத் தொழிலால் இடத்திற்குப் பெயர் வந்தது.

"வீடு எங்கே?" என்று கேட்டால், "சுனாபட்டி" என்று யாரும் கூசாமல் சொல்வார்கள். அந்தப் பெயரில் கூசுவதற்கு என்ன இருக்கிறது?

மனிதர்களுக்கும் இப்படித் தொழிலால் பெயர்கள் வந்தன. வடமொழியில் தோலுக்குச் 'சர்மம்' என்று பெயர். தோல் வேலை செய்பவர் 'சர்மகாரர்'. இந்தச் சொல் பேச்சில் தேய்ந்து 'சமார்' ஆயிற்று. தோல் வேலை செய்பவர் என்பதுதான் அதன் பொருள். அதில் இழிவு எதுவும் இல்லை.

ஆனால் வட இந்தியாவில் அந்தச் சொல் வசைச் சொல்லாக மாறியது. ஒருவரைத் தாழ்த்த வேண்டுமா? "சமார்" என்று திட்டினார்கள். அந்தச் சாதியில் பிறந்தவர்களை அந்தப் பெயரைச் சொல்லியே குறுகவைத்தார்கள். நம் ஊரிலும் இப்படிச் சில பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

இந்தப் பெயரை ஓர் ஓவியர் பையின் மேல் எழுதினார். அவர் பெயர் சுதீர் ராஜ்பர்.

ராஜ்பரின் சொந்த ஊர் உத்தரப் பிரதேசத்தில், ஜான்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் வளர்ந்தது மும்பையில். ஓவியம் படித்தார். சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் சாதிப் பெயர்களை வசையாகக் கேட்டார். 'சமார்' என்ற பெயரும் அவற்றில் ஒன்று. அவருடைய சொந்தச் சாதியின் பெயரையும் அப்படியே சொன்னார்கள். அது அவர் மனதில் தைத்தது.

ஓவியர் ஒருவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? படம் வரைவார். அதைக் கண்காட்சியில் மாட்டுவார்கள். படித்தவர்கள் சிலர் வந்து பார்ப்பார்கள். தெருவில் நடப்பவர்கள் கண்ணில் அது படாது. ஆனால் பை அப்படி அல்ல. தோளில் தொங்கிக்கொண்டு ரயில் ஏறும். கடைக்குப் போகும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைப் படிப்பார்கள். ராஜ்பர் முதலில் சாதாரணத் துணிப் பைகளை எடுத்துக்கொண்டார். 'சமார்' என்ற சொல்லை அவற்றில் பல மொழி எழுத்துகளில் பொறித்தார்.

உடுப்பு பேசும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. கன்னியாகுமரிப் பக்கம் முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்று தடுத்தார்கள். பெண்கள் விடவில்லை. பல ஆண்டுகள் போராடினார்கள். அடிபட்டார்கள். 1859-இல் அரசர் ஆணை போட்டார். அவர்கள் மார்பை மூடலாம் என்றார். பிறகு 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் சட்டையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ஏழைக்கு இல்லாத துணி தனக்கு வேண்டாம் என்பதே அவர் உடை சொன்ன சேதி. டாக்டர் அம்பேத்கரோ கோட்டும் டையும் போட்டார். நல்ல துணி உடுத்தக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர் அவர். அதனால்தான் ஊர் ஊராக நிற்கும் சிலைகளிலும் அவர் கோட்டுடன் நிற்கிறார்.

துணியில் எழுத்தையே போட்டுச் சேதி சொல்வது பின்னால் வந்தது. 1984-இல் இங்கிலாந்தில் கேதரின் ஹாம்னெட் என்ற உடை வடிவமைப்பாளர் ஒரு விருந்துக்குப் போனார். பிரதமர் தாட்சரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவர் போட்டிருந்த பனியனில் பெரிய எழுத்துகள் இருந்தன. நாட்டில் 100 பேரில் 58 பேருக்கு அணு ஏவுகணை வேண்டாம் என்பது அந்த வாசகம். பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. இங்கே 2020-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த வாசகங்கள் போட்ட பனியன்கள் தமிழ்நாட்டில் பரவின. அவை திருப்பூரில் தயாராயின.

ராஜ்பரின் வேலை இவற்றிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. "அதைச் செய், இதைச் செய்யாதே" என்று அவர் எழுதவில்லை. ஒரே ஒரு பெயரைத்தான் எழுதினார். அந்தப் பையை வாங்குகிறவர் அந்தப் பெயரை வாயால் சொல்ல வேண்டும். "பை அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்று தோழி கேட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். திட்டுவதற்கு மட்டும் சொன்ன பெயரை இப்படிப் பாராட்டிச் சொல்ல வைத்தார். யோசித்துப் பார்த்தால் இது சின்ன வேலை இல்லை.

பெயர் மட்டும் போதுமா? தோல் தொழிலாளிக்குச் சோறு வேண்டாமா?

இந்த இடத்தில் தாராவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாபட்டியிலிருந்து தாராவி தூரமில்லை. 100 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தோல் பதனிடும் கூடங்கள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் பலர் அவற்றில் வேலை செய்தார்கள். சுண்ணாம்பில் தோலை ஊறவைத்தார்கள். மயிர் நீக்கினார்கள். உப்பும் நாற்றமும் கையில் ஏறின. பிறகு பதனிடும் கூடங்கள் ஊரை விட்டு வெளியே போயின. ஆனால் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் தாராவியில் தங்கின. தமிழரும், வடக்கிலிருந்து வந்தவர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து தைத்தார்கள்.

2015 மார்ச்சில் மகாராஷ்டிராவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பசுவை வெட்டக் கூடாது என்பது அங்கே முன்பே இருந்த சட்டம். புதிய சட்டம் காளையையும் எருதையும் சேர்த்துக்கொண்டது. எருமைக்குத் தடை இல்லை. ஆனாலும் தோல் வரத்து குறைந்தது. வண்டியில் தோல் ஏற்றி வரவே ஆட்கள் பயந்தார்கள். பட்டறைகளில் வேலை சுருங்கியது. கை தெரிந்த தொழிலாளிகள் சும்மா உட்கார்ந்தார்கள்.

ராஜ்பர் இந்தத் தொழிலாளிகளோடு சேர்ந்தார். 2017-18 காலத்தில் 'சமார் ஸ்டுடியோ' என்ற பெயரில் தாராவியில் பைகள் செய்யத் தொடங்கினார்கள். தோலுக்குப் பதில் ரப்பர் எடுத்தார்கள். பழைய டயரும் டியூபும் மறுசுழற்சியில் ரப்பர்த் தகடாகத் திரும்பி வரும். அதை வெட்டிப் பை தைத்தார்கள்.

தோலும் ரப்பரும் ஒன்றல்ல. மாட்டின் முதுகுத் தோல் கெட்டியாக இருக்கும். வயிற்றுத் தோல் தளர்ந்து இழுபடும். எந்தப் பக்கத்தை எதற்கு வெட்டுவது என்று கைதேர்ந்தவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ரப்பர்த் தகட்டில் முதுகும் இல்லை, வயிறும் இல்லை. எங்கும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் வெட்டுவது சுலபம். ஆனால் தைப்பது சுலபமில்லை. ஊசித் துளைகள் மிக நெருக்கமாக விழுந்தால் தகடு அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். ஓரத்தை மடிக்க வேண்டும். தோலில் பழகிய கை இதையும் பழகிக்கொண்டது. பொருள் மாறினாலும் கைத்திறன் வீணாகவில்லை.

இந்தப் பைகளில் அலங்காரம் அதிகம் இல்லை. கறுப்பாக, நேர்கோடாக இருக்கும். விலை அதிகம். தைக்கிறவர் வீட்டில் அதை வாங்க முடியாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. "சமார் சாதியில் பிறக்காதவர் அந்தப் பெயரைக் கடைப்பெயராக வைக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இது நியாயமான கேள்விதான். அந்தப் பெயரால் அடிபட்டவர்கள் கேட்கும்போது காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெயரை மறைத்து வைத்ததால் வசை நின்றுபோகவில்லை என்பதும் உண்மை.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பையில் பெயர் போட்டிருக்கிறது என்பதற்காக யாரையும் அப்படிக் கூப்பிடலாம் என்று ஆகாது. 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. 'சமார்' என்பது சாதிப் பெயர்தானே, அதைச் சொன்னால் என்ன தவறு என்று எதிர்த் தரப்பு கேட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்று அந்தச் சொல்லை இழிவுபடுத்தவே சொல்கிறார்கள் என்றது. பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பிறர் முன்னிலையில் இப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் 1989-இல் வந்தது. சொல் ஒன்றுதான். யார், யாரிடம், என்ன எண்ணத்தோடு சொல்கிறார் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

பைகளுக்குப் பிறகு ராஜ்பர் அதே ரப்பரில் நாற்காலிகளும் செய்தார். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மியாமி நகரத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ரிஹானா என்ற உலகப் புகழ் பெற்ற பாடகி அங்கே வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் படம் பல நாடுகளுக்குப் போனது. கூடவே அந்தப் பெயரும் போனது. நாற்காலி யார் செய்தது என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரே சொல்தான்: சமார்.